கடைசிப் பதினாறு பக்கம்

இந்த 1987 ஆவணியில் ஜமால் முகமதுவின் கடையில் அறுநூற்றுச் சொச்சம் நாவல்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட முடிவு கிடையாது.

இப்போதும் ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்த மாத நாவல். புத்தகத்தைத் தொடைமேல் கவிழ்த்து, பாதி பிளேடை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கடைசிப் பதினாறு பக்கத்தை மட்டும் நோகாமல் பிரிக்கிறார். பிரிக்கும்போது முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். ஒரு வரிகூடக் கண்ணில் பட்டுவிடக்கூடாது. பார்க்காமல் அறுப்பதால் இடது கட்டைவிரலில் எந்நாளும் ஒரு பிளாஸ்திரி.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் மெத்தை, தலையணைக் கடை அவருடையது. வயது ஐம்பத்திரண்டு. புருவத்தில் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். சட்டைக் காலரில் மெத்தை தைக்கும் கோணூசி ஒன்று குத்தியிருக்கும். தொழுகைக்குப் போகும்போது மட்டும் அதை எடுத்துத் தலையணையில் குத்திவைப்பார். கடையின் ஒரு சுவர் முழுக்கப் பஞ்சு மூட்டை. எதிர்ச் சுவர் முழுக்க வாடகை நாவல்கள். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் உள்ளிருந்து பஞ்சு ஒரு கொத்து பறக்கும். "படிச்சிக்கினே தூங்கறவங்களுக்கு வசதி" என்பார்.

முடிவை அறுக்கும் பழக்கம் தத்துவத்தில் ஆரம்பிக்கவில்லை, வியாபாரத்தில் ஆரம்பித்தது. வாடகைக்குப் போன புத்தகம் திரும்பி வருவதில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மாற்றல் உத்தரவோடு மூன்று நாவலையும் எடுத்துக்கொண்டு தர்மபுரிக்கே போய்விட்டார். அந்த வாரம்தான் ஜமால் பிளேடை எடுத்தார். கடைசி ஃபாரத்தை, அதாவது அச்சகக்காரர்கள் சேர்த்து மடிக்கும் கடைசிப் பதினாறு பக்கத்தை, அறுத்துத் தகரப் பெட்டியில் போட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் முடிவைத் தைத்துத் தருவது. படித்துவிட்டு மறுபடி கொண்டுவந்தால் அடுத்த புத்தகம். ஒரே வாரத்தில் ஊரே வாசலில் நின்றது.

"இன்னா பாய், கொலகாரன் யாருன்னே தெரியாம மூணு நாளா சோறு எறங்கல."

"இரு, தேடறன். அதுவரைக்கும் நீ யாருன்னு நெனைக்கிற, சொல்லு."

பெட்டியைக் கிளறும் நேரத்தை ஓட்டுவதற்காகக் கேட்ட கேள்விதான். அந்த ஆள் சொன்ன பதில், முடிவு கைக்கு வந்த பிறகும் ஜமாலைவிட்டுப் போகவில்லை. பஞ்சு அடிக்கும்போதெல்லாம் மனதில் அதுவே ஓடியது. மறுநாள் வந்தவரிடமும் கேட்டார். இப்போது அதுதான் கடையின் சட்டம்: தன் முடிவைச் சொல்லாதவருக்குப் புத்தகத்தின் முடிவு கிடையாது. "எழுத்தாளர் எப்படி எழுதியிருக்காரோ அப்படித்தான்" என்று தப்பிக்கப் பார்த்த பாங்க் காசாளர் ஒருவரை ஒரு மணிநேரம் உட்காரவைத்து, கடைசியில் அவர் வாயால் கதாநாயகனுக்கு ஆயுள் தண்டனை விழுந்த பிறகுதான் அனுப்பினார்.

ஜமால் மட்டும் எந்த முடிவையும் படிப்பதில்லை. நூற்றெழுபத்தாறாம் பக்கம் வரை எல்லாவற்றையும் படிப்பார். அதோடு சரி. ஏன் என்று கேட்டால், "முடிவு தெரிஞ்சிக்கினு கேட்டா அது பரீட்ச. தெரியாம கேட்டாதான் கேள்வி" என்பார். யாராவது வாய்தவறிச் சொல்ல வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். பஞ்சு கைவசம் இருப்பதால் அது சிரமமில்லை.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் சடையன் இதில் இவரையும் மிஞ்சியவர். துப்பறியும் நாவலாகவே எடுப்பார், முடிவைக் கேட்பதே இல்லை. "யாருன்னு தெரிஞ்சிட்டா அப்பறம் மத்தவனையெல்லாம் நல்லவன்னு நம்பணும் பாய். மலை ஏர்ற எடத்துல அது ஆவாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். அதை முதன்முதலில் கேட்ட அன்றைக்கு ஜமால் பஞ்சே அடிக்கவில்லை.

"ஏன் நூரு, இத்தக் கேளு" என்று உள்ளே தையல் மிஷினில் உறை தைக்கும் மனைவி நூர்ஜகானைக் கூப்பிடுவார். "முடிவு முன்னாடியே அச்சடிச்சாச்சு. என் பெட்டியில இருக்குது. ஆனா இந்தப் பொண்ணு நூத்தி எழுவதாம் பக்கத்துல நின்னுக்கினு இன்னா பண்ணலாம்னு யோசிக்குது. அது யோசிக்கிறது நெசமா, சும்மாவா?"

"கல்யாண வூட்டுக்காரன் நாளைக்கு மெத்தைக்கு வந்து நிக்கப் போறது நெசம். மொதல்ல பஞ்ச அடிங்க."

பெட்டியில் எது எந்தப் புத்தகத்தின் முடிவு என்று கண்டுபிடிக்க நம்பர் போடுவதில்லை. மெத்தைத் துணியில் மிஞ்சிய துண்டுகள் கடையில் ஏராளம். ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் புத்தகத்தின் முதுகில் ஒட்டுவார், இன்னொன்றை முடிவின் மூலையில் தைப்பார். வாசகர்களும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டார்கள். "சிவப்புப் பூப்போட்டது இருக்குதா பாய்?" "கட்டம்போட்டத யாரு எடுத்துக்கினு போனாங்க?" நாவலின் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, எழுதியவர் பெயரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வடக்கனந்தலிலிருந்து கொளஞ்சியம்மாள் வருவார். கூலி வேலை செய்கிறவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், நாற்பது வயதிருக்கும். புத்தகத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். அவர் தனக்காக மட்டும் எடுப்பதில்லை. களை வெட்டப் போகும் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு புத்தகம். கொல்லையில் கொளஞ்சியின் வரிசையை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டிவிடுவார்கள். அவர் முன்கூட்டியே கரையேறிச் சாப்பிட்டு முடித்துவிடுவார். மற்றவர்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது அவர் புத்தகத்தைத் திறப்பார். கடையில் வந்து அவர் சொல்வது ஒரு ஆளின் பதில் அல்ல, ஒரு கொல்லையின் பதில். ஜமாலுக்கு அவர் வருவது பெருநாள் மாதிரி.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவர் கொண்டுவந்தது நீலக் கோட்டுப் புத்தகம். சுகந்தி என்றொரு பெண். கட்டியவன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விடுகிறான். வருஷக்கணக்கில் தனியாகக் கிடந்து எப்படியோ நிமிர்கிறாள். அப்போது அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். சுகந்தி கதவருகே வந்து நிற்கிறாள். நூற்றெழுபத்தாறாம் பக்கம் முடிந்துவிடுகிறது.

"சொல்லு கொளஞ்சி. தொறப்பாளா, மாட்டாளா?"

"பாதிப் பேரு தொறப்பான்னுதுங்க, பாதிப் பேரு வெளக்குமாத்த எடுப்பான்னுதுங்க" என்றார் கொளஞ்சி. வழக்கமான சிரிப்பு இல்லை. "அது இருக்கட்டும் பாய். எங்கக்கூட சாலம்மான்னு ஒண்ணு வருது. அதுக்கும் இதே கததான். புருஷன் ராசு பெங்களூருக்கு மேஸ்திரி வேலைக்குப் போயி நாலு வருஷம் அங்கியே ஒருத்திகூட இருந்துட்டான். இப்ப அவ தொரத்திட்டா போலக்குது. ரிஷிவந்தியத்துல மாமன் வூட்ல வந்து குந்திக்கினு, வர்ற திங்களுக்கு அடுத்த திங்க வர்றன், சேத்துக்கோன்னு ஆள் வுட்டுட்டான். சாலம்மா பேசவே மாட்டன்னுட்டா. கத இங்க வந்து நின்னதும் எழுந்து சொல்றா: 'இந்தப் பொம்பள இன்னா பண்றாளோ அதான் எனக்கும். அம்மன்கிட்ட பூ கேக்கறாப்பல நெனைச்சிக்கறன்.'"

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த காரியம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சு இல்லை.

ஜமால் பெட்டியைத் திறக்கவில்லை. "இது யாரோ மெட்ராஸ்ல குந்திக்கினு எழுதனதும்மா. அத்த நம்பி ஒரு பொண்ணு..."

"நீங்கதான பாய் கேக்கறீங்க, நீயா இருந்தா இன்னா பண்ணுவன்னு? அவ அவளாவே இருக்கறா. அவ்ளோதான்."

ஜமால் பெட்டியை முன்னால் இழுத்தார். காலரிலிருந்து கோணூசியை எடுத்தார். பெட்டியைத் துழாவினார். நீலக் கோடு கையில் கிடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலு தையல் போட்டு, புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது நூர்ஜகானின் கணிப்பு. அப்படியெல்லாம் இல்லை, நோன்புக் காலத்தில் விட்ட பழக்கம் என்பது இவருடைய சமாதானம்.

போன ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி வாசல்படி ஏறும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். ஜமால் காதைப் பொத்தப் பஞ்சை எடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"சோறு போட்டா பாய்! கதவத் தொறந்தா, உள்ள குந்தவச்சா, எலை போட்டு நல்லா சோறு போட்டா. சாப்ட்டு முடிஞ்சதும் கொடைய எடுத்துக் கையில குடுத்து, இருட்டறதுக்குள்ள கெளம்பு, இந்த வூடு எம் பேர்ல இருக்குதுன்னுட்டா. சண்ட இல்ல, அழுவ இல்ல. சோறு உண்டு, படுக்க எடமில்ல. எங்க ஆளுங்க அப்படியே கையத் தட்டிட்டாங்க. எங்களுக்குத் தொறக்கறது, தொறக்காதது, ரெண்டுதான் தெரிஞ்சிது. மூணாவதா ஒண்ணு இருக்குதுன்னு யாருக்கும் தோணல."

"சாலம்மா?"

"அவ ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் கடைக்குப் போயி ஒரு படி அரிசி சேத்து வாங்கிக்கினு போனா. நாளைக்கு வர்றான் இல்ல?" கொளஞ்சி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு பாய். எழுதனவன் பெரிய ஆளு. கடைசியில அவ பேர மாத்திட்டான் பாத்தீங்களா? அதுவரைக்கும் சுகந்தி சுகந்தின்னு வந்துது. கதவத் தொறந்ததுலருந்து ராஜம். எங்காளுங்க கொழம்பிட்டாங்க. ஆண்டாக் கெழவி, அச்சடிச்சவன் குடிச்சிட்டு அச்சடிச்சிருக்கறான்னுச்சி. நான்தான் வெளக்கி சொன்னன். அன்னிக்குக் கழுத்த நீட்டனவ ஒருத்தி, இத்தினி வருசம் கழிச்சிக் கதவத் தொறக்கறவ வேற ஒருத்தி. வேற ஆளுக்கு வேற பேரு. சரிதான பாய்?"

ஜமால் பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றார். ராஜத்தை அவருக்குத் தெரியும். அவள் வேறொரு நாவலில் இருப்பவள். வாசலில் நிற்பவன் அவளுக்குப் புருஷன் இல்லை, சொத்துக்காகத் தங்கையையே ஏமாற்றிய அண்ணன். போன தை மாதம் ஒரே கல்யாண வீட்டுக்கு ஒன்பது மெத்தை தைத்தார்; அவ்வளவும் நீலக் கோட்டுத் துணி. அந்த மாதம் அறுத்த இரண்டு நாவலுக்குமே அதே துணி ஒட்டியிருக்கிறது. மாத நாவல்கள் எல்லாம் ஒரே கனம், ஒரே எழுத்து. இரண்டிலும் நூற்றெழுபத்தேழில்தான் முடிவு தொடங்குகிறது.

"சரிதான்" என்றார். கொளஞ்சி நீலக் கோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பச்சைப் புள்ளி போட்டதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மஃரிப் தொழுகை முடிந்து வந்து நூர்ஜகானிடம் சொன்னார். அவர் மிஷினை நிறுத்தவேயில்லை.

"சரக்கு மாறிப் போச்சுன்னா மாத்திக் குடுக்கணும். மெத்தையா இருந்தா இந்நேரம் சைக்கிள எடுத்திருப்பீங்க."

"அந்தப் பொண்ணு மனசத் தேத்திக்கினு அரிசி வாங்கி வச்சிருக்குது நூரு. சரியான முடிவுல அவ புருஷன உள்ள வுட்டுட்டாள்னு வையி. இதுவும் வுட்டுடும். நாளைக்கு அவன் மறுபடி போய்ட்டா?"

"அப்ப படிச்சிப் பாருங்க."

"படிக்க மாட்டன்."

"சரி, நான் படிக்கறன். நல்லதா இருந்தா எடுத்துக்கினு போங்க. கெட்டதா இருந்தா பெட்டியிலியே கெடக்கட்டும்."

"எது நல்லது, எது கெட்டதுன்னு யாரு சொல்றது?"

"அதான் நான் சொல்றன்ல?" நூர்ஜகான் மிஷினை நிறுத்தினார். "இந்தா பாருங்க. அந்தப் பொண்ணு ஒரு முடிவ நம்பிக்கினு இருக்குது. அது வேற கதையோடதுன்னு உங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. தெரிஞ்சப்பறம் அது இன்னா பண்ணிக்கினா உங்களுக்கு இன்னா? வூடு அதோடது. போயி சொல்லிட்டு வாங்க."

மறுநாள், திங்கட்கிழமை, கடையைப் பாதி மூடிவிட்டு ஜமால் வடக்கனந்தல் பஸ்ஸில் ஏறினார். சட்டைப் பையில் இன்னொரு நீலக் கோட்டு முடிவு, மடித்து நூலால் கட்டியது. கையில் அந்தப் புத்தகம். கோணூசியைக் காலரிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் வழியெல்லாம் தோளை ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

நிலக்கடலைக் கொல்லை ஊருக்கு மேற்கே. தூரத்தில் கல்வராயன்மலை மேகத்தைப் போர்த்திக் கிடந்தது. புங்கமரத்தடியில் பெண்கள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி கையில் பச்சைப் புள்ளிப் புத்தகம் திறந்திருந்தது. வரப்பில் பாய் வருவதைப் பார்த்ததும் அவருடைய குரல் நின்றது.

"இன்னா பாய், மல்லாட்டக் கொல்லையில மெத்த விக்க வந்துட்டீங்க?" என்றார் ஆண்டாள். இருப்பவர்களில் மூத்தவர், யாரையும் விடமாட்டார்.

ஜமால் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார். "சரக்கு மாறிப் போச்சும்மா. போன வாரம் நான் தச்சிக் குடுத்த முடிவு அந்தக் கதையோடது இல்ல. ராஜம் வேற பொம்பள. வாசல்ல நின்னவன் அவ அண்ணன். சுகந்தியோட முடிவு இந்தா, பையில இருக்குது. தப்பு எம்மேலதான். துணி ஒரே துணியாப் போச்சு."

"ஏன் பாய், மெத்த கேட்டா தலையணையக் கட்டிக் குடுப்பீங்களா?" என்றார் ஆண்டாள். பிறகு கொளஞ்சி பக்கம் திரும்பினார். "நான் அன்னிக்கே சொன்னன். இவதான் பேரு மாறுது, ஆளு மாறுதுன்னு வேதாந்தம் பேசிக்கினு கெடந்தா."

கொளஞ்சியின் முகம் சுண்டிப்போயிற்று. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. சாலம்மாள் அவள்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க படிச்சீங்களா பாய், அத்த?"

"இல்லம்மா. நான் எந்த முடிவயும் படிக்கறதில்ல."

"படிங்கக்கா" என்றாள் கொளஞ்சியிடம். "எல்லாரும் கேக்கட்டும்."

ஜமால் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். காதைப் பொத்துவதற்குக் கையை உயர்த்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கொளஞ்சி படித்தார். முதல் இரண்டு பக்கம் குரல் எழும்பவில்லை, அப்புறம் வழக்கத்துக்கு வந்துவிட்டது. சுகந்தி கதவைத் திறக்கிறாள். அவன் காலடியில் விழுகிறாள். இத்தனை காலம் சேர்த்துவைத்த கண்ணீரால் அவன் பாதத்தைக் கழுவுகிறாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தி, நீ தெய்வம் என்கிறான். தூரத்தில் கோயில் மணி ஒலிக்கிறது. முற்றும்.

"அந்தக் கோயில் மணி மட்டும் நேரத்துக்குக் கரெக்டா அடிச்சிடும்" என்றார் ஆண்டாள்.

சிரிப்பு எழுந்தது. "இதுக்கா நூத்தி எழுவது பக்கம் அழுதா?" என்றாள் ஒருத்தி. "வுட்டுட்டுப் போனவன் கால்ல இவ ஏன்டி வுழணும்?" என்றாள் இன்னொருத்தி. சாலம்மாள் சிரிக்கவில்லை. கொளஞ்சி பக்கங்களை மடித்துக்கொண்டே அவளைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"சாலம்மா. இதான் அந்தக் கதையோட முடிவாம். நீ பூ கேக்கறாப்பலன்னு சொன்னியே..."

"சொன்னன்."

"அம்மன் பேர்ல சொன்ன."

"ஆமாங்கா. பூ கேட்டா மொதல்ல வர்ற பூதான் கணக்கு. ரெண்டாந்தரம் போட்டுக் கேட்டா அம்மா கோவிச்சிக்குவா. எனக்கு மொத பூ வந்துடுச்சி." சாலம்மாள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "சுகந்திக்கு வூடு அவன் கட்டனது. அவ வுழுவா. நான் இருக்கற வூடு, ஏரி மண்ணு நானே சொமந்து, செவுரு நானே வச்சது. அவன் கைபட்ட கல்லு ஒண்ணு அதுல இல்ல."

"ஆனா அந்த முடிவு இந்தக் கதையோடது இல்லியேடி. ராஜம் வேற பொம்பளயாம்ல?" என்றார் கொளஞ்சி.

"வேற பொம்பளன்னுதானக்கா நீங்களும் சொன்னீங்க?"

ஆண்டாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரியாத்தான் கேக்கறா" என்று மட்டும் சொன்னார்.

சாலம்மாள் வரப்பில் ஜமாலுக்குப் பக்கத்தில் கிடந்த நீலக் கோட்டுப் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதில் ராஜத்தின் முடிவு தைத்தபடியே இருந்தது. நாலு தையலில் ஒன்று விட்டுப்போய்ப் பக்கங்கள் ஆடின.

"இத்தப் பிரிச்சிட்டு அத்தத் தைக்காதீங்க பாய். இதுவே இருக்கட்டும். ஆட்டமா இருக்குது, இன்னும் ரெண்டு போடுங்க."

முப்பது வருஷ வியாபாரத்தில் ஜமால் ஒரு சரக்கை இன்னொன்று என்று கொடுத்ததில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த எழுத்தாளர், எங்கேயோ இருக்கிறவர், சுகந்தியை விழவைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் விழவைத்திருக்கிறார். அச்சடித்தும் ஆயிற்று. அதை மாற்ற மெத்தைக்காரனுக்கு என்ன உரிமை? ஆனால் அறுத்தவனும் மெத்தைக்காரன்தானே. அறுத்த அன்றே அந்த உரிமை போய்விட்டதா, வந்துவிட்டதா? வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பஞ்சு அடித்திருப்பார். எதிரில் சாலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். களைக்கொட்டு கையில் இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது.

காலரில் கைவைத்தார். ஊசி இருந்தது.

பையிலிருந்த நூல்கண்டை எடுத்து, மெத்தையின் ஓரத்துக்குப் போடுவதுபோல் நூலை இரட்டையாகக் கோத்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, ராஜம் குடையை எடுத்து நீட்டும் வரிக்குப் பக்கத்தில் ஊசியை இறக்கினார். பழைய தையலோடு சேர்த்துப் புதிதாக ஆறு. பெண்கள் கொல்லைக்குள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். சாலம்மாள் மட்டும் முடியும்வரை நின்றாள்.

கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"ஏம்மா, கோவிச்சிக்காத. மொத வாரமே நான் சரியான முடிவத் தச்சிக் குடுத்திருந்தா? அந்தப் பூ மொதல்ல வந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

சாலம்மாள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே சொன்னாள். "வேற கோயில்ல போயி கேட்டிருப்பன் பாய்."

ஜமால் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சுகந்தியின் முடிவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஊசியைக் காலரில் குத்தினார்.

அன்று சாயங்காலம் ராசு தன் மாமனோடு வந்தான். சாலம்மாள் இரண்டு பேருக்கும் இலை போட்டுச் சோறு போட்டாள். கள்ளக்குறிச்சிக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு. அதில் இரண்டு பேரும் ஏறினார்கள்.